ரோஜாவின் மணம் எங்கே போயிற்று?

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குள் விடியற்காலையில் நுழைபவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும், மல்லிகைக் கடை எது, மரிக்கொழுந்துக் கடை எது என்று சொல்லிவிடலாம். ஆனால் நீண்ட காம்புகளுடன் செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் ஓசூர் ரோஜாவின் கடையைக் கண்ணைத் திறந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். காரணம், அதில் மணம் இல்லை.

என் தாயாருக்குச் சில ஆண்டுகளாகப் பார்வை மங்கிவிட்டது. பூக்களை அவர் இப்போது மூக்கால்தான் அடையாளம் காண்கிறார். கல்லூரி விழா ஒன்றில் எனக்குக் கொடுத்த சிவப்பு ரோஜாவை அவர் கையில் வைத்தேன். இதழ்களைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தார். “என்னப்பா, பிளாஸ்டிக் பூவா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நல்ல மணமுள்ள ஹைப்ரிட் டீ ரோஜா ஒன்றை நம் வீட்டு மாடியிலேயே வளர்த்து அவர் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். ‘பாப்பா மெய்யான்’ என்ற கருஞ்சிவப்பு வகையின் ஒட்டுச்செடி ஒன்றை வாங்கி வந்தேன். முதல் மார்கழியில் ஒரே ஒரு பூ வந்தது. அதன் மணம் அறை முழுவதும் நின்றது. ஆனால் சித்திரை வெயிலில் தண்டு நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கியது. கத்திரி முடிவதற்குள் செடி விறகுக் குச்சியாகிவிட்டது.

தொட்டியைக் கவிழ்க்கப் போனபோது தாயார் தடுத்தார். “வேரு இருந்தா வரும்ப்பா, தண்ணியை ஊத்து” என்றார். ஊற்றினேன். ஆடியில் ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து புதிய தளிர் ஒன்று கிளம்பிற்று. ஐப்பசியில் அதில் கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்கள் மலர்ந்தன. செடி வளர்ப்பில் தேர்ந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “ஒட்டு போயிருச்சு சார். இது அடிச்செடி, வெறும் எட்வர்ட். வெட்டிப் போட்டுருங்க” என்றார். தாயாரோ அந்தப் பூவை முகர்ந்துவிட்டு, “இது பன்னீர் ரோஜால்ல! எங்க ஊர்க் கிணத்தடியில நின்னது” என்றார்.

வெட்டுவதா, வைத்துக்கொள்வதா? இதற்கு விடை தேடப் போய்த்தான் ரோஜாவின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அந்த வரலாற்றில் ‘வெறும் எட்வர்ட்’டுக்கு ஒரு முக்கியமான இடம் இருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை பூத்த செடி

இன்று ஆண்டு முழுவதும் பூப்பதை ரோஜாவின் இயல்பு என்று நினைக்கிறோம். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் அப்படி நினைத்திருக்க முடியாது. அவர்களிடம் இருந்த காலிகா, ஆல்பா, நூறிதழ் ரோஜா ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறை, கோடையின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டுமே பூத்தன. பிறகு அடுத்த ஆண்டு வரை இலையும் முள்ளும்தான். டமாஸ்க் ரோஜாவில் ஒரு வகை மட்டும் இலையுதிர் காலத்தில் இரண்டாம் முறையாகச் சில பூக்களைக் கொடுத்தது. ஆனால் மணத்தில் இவை குறைந்தவை அல்ல. அத்தரும் பன்னீரும் வடித்தது டமாஸ்க் ரோஜாவிலிருந்துதான்.

சீனத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்குப் பல நூற்றாண்டுகளாக வளர்த்துவந்த ரோஜாக்கள் தட்பவெப்பம் இசைந்தால் மாதந்தோறும் பூத்தன. இதன் இரகசியம் 2012-இல் தெளிவாயிற்று. ரோஜாவில் பூப்பதை அடக்கி வைக்கும் மரபணு ஒன்று உண்டு, கே.எஸ்.என். என்பது அதன் பெயர். வண்டியின் தடையைப் போல, குறிப்பிட்ட பருவம் தவிர மற்ற காலங்களில் மொட்டு வைக்கவிடாமல் அது பிடித்து வைத்திருக்கும். சீன ரோஜாவில் இந்த மரபணுவின் நடுவே வேறொரு டி.என்.ஏ. துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. தடை அறுந்த வண்டி ஓடிக்கொண்டே இருப்பதுபோல், செடி பூத்துக்கொண்டே இருக்கிறது. எவரோ ஒரு சீனத் தோட்டக்காரர் அந்தச் செடியைக் கண்டு, பதியம் போட்டுக் காத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது.

கல்கத்தா வழியாக

18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19-இன் தொடக்கத்திலும் நான்கு சீன ரோஜாக்கள் இங்கிலாந்தை அடைந்தன. ஸ்லேட்டரின் செஞ்சீன ரோஜா 1792-லும், பார்சன்ஸின் இளஞ்சிவப்புச் சீன ரோஜா 1793-லும், ஹியூமின் தேயிலை மண ரோஜா 1809-லும், பார்க்ஸின் மஞ்சள் தேயிலை மண ரோஜா 1824-லும் அங்கு அறிமுகமானவை. ரோஜா நூல்கள் இவற்றை ‘நான்கு மூலச் சீன ரோஜாக்கள்’ என்று குறிப்பிடுகின்றன.

சீனத்திலிருந்து இங்கிலாந்து வரை பாய்மரக் கப்பலில் பல மாதப் பயணம். உப்புக் காற்றில் செடிகள் பிழைப்பது அரிது. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த செடிகள் வழியில் இந்தியாவில் இளைப்பாறின. ஸ்லேட்டரின் ரோஜா, கம்பெனிக் கப்பல் தலைவர் ஒருவர் கல்கத்தாவில் கண்டு எடுத்துச் சென்றது என்று சொல்லப்படுகிறது. இதனால்தான் பிரெஞ்சுக்காரர் சீன ரோஜாவை நெடுங்காலம் ‘வங்காள ரோஜா’ என்றே அழைத்தனர்.

நான்கில் பின்னிரண்டு ‘தேயிலை மண ரோஜா’ எனப் பெயர் பெற்றதைக் கவனியுங்கள். தேயிலைப் பெட்டியைப் புதிதாகத் திறந்தால் எழுவது போன்ற மெல்லிய மணம் அவற்றுக்கு இருந்தது. ‘ஹைப்ரிட் டீ’ என்ற பெயரில் உள்ள ‘டீ’ இதுதான். இந்தத் தேயிலை ரோஜாக்களின் முன்னோர்களில் ஒன்று ‘ரோசா ஜைஜான்டியா’ என்ற பெருங்கொடி. மணிப்பூரிலும் பர்மாவிலும் தென்மேற்குச் சீனத்திலும் காடாக வளர்வது. மணிப்பூரில் இதை முதன்முதலில் கண்டு 1882-இல் சேகரித்தவர் சர் ஜார்ஜ் வாட் என்ற தாவரவியலார். ஹைப்ரிட் டீயின் நீண்ட, கூரான மொட்டு பெரும்பாலும் இந்தக் கொடியின் கொடையாகும்.

ஒரு தீவின் வேலி

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்ற தீவு உள்ளது. அந்நாளில் அதற்கு போர்பன் தீவு என்று பெயர். அங்குள்ள விவசாயிகள் ரோஜாவை அழகுக்காக மட்டுமல்ல, வேலிக்காகவும் நட்டனர். ஒரே வேலியில் டமாஸ்க் ரோஜாவும் இளஞ்சிவப்புச் சீன ரோஜாவும் அடுத்தடுத்து நின்றன. மேற்கும் கிழக்கும் ஒரு முழ இடைவெளியில்!

மனிதன் செய்யாத கலப்பைத் தேனீ செய்தது. 1817-ஐ ஒட்டி, அத்தீவின் தாவரத் தோட்டத்துக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலார் பிரேயோன், வேலியில் இரண்டிலும் சேராத ஒரு செடியைக் கண்டார். டமாஸ்க்கின் மணமும், மீண்டும் மீண்டும் பூக்கும் சீன ரோஜாவின் இயல்பும் அதில் சேர்ந்திருந்தன. உள்ளூர் மக்கள் அதை ‘ரோஸ் எடுவார்’ என்று அழைத்தனர். பிரேயோன் அதன் விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். ஆர்லியன்ஸ் கோமகனின் தோட்டக்காரர் ஜாக் அவற்றை முளைக்க வைத்தார். ‘போர்பன் ரோஜா’ என்ற புதிய குலம் பிறந்தது.

‘எடுவார்’ என்பதை ஆங்கில முறையில் உச்சரித்துப் பாருங்கள்: எட்வர்ட்! நம் வேளாண் நூல்கள் எட்வர்ட் ரோஜாவை ‘ரோசா போர்போனியானா’ என்றே குறிக்கின்றன. போர்பன் தீவு ரோஜா என்பது அதன் பொருள். பன்னீர் ரோஜா என்ற பெயர் நம் பக்கத்தில் டமாஸ்க்குக்கும் எட்வர்டுக்கும் ஒருங்கே வழங்குகிறது. ஒன்று தாய் வழி, மற்றது பிள்ளை வழி என்பதால், என் தாயாரின் மூக்கு சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

லியோன் நகரில் ஒரு நாற்று

போர்பன் ரோஜாக்களும் அவற்றின் வழிவந்த கலப்பினங்களும் பெரிய, மணமுள்ள பூக்களைத் தந்தன. ஆனால் பூக்கும் தடவைகள் குறைவு. தேயிலை ரோஜாக்கள் ஓயாமல் பூத்தன. ஆனால் தண்டு மெலிந்து பூ தலைகுனிந்தது. ஐரோப்பியக் குளிரை அவை தாங்கவில்லை. இரண்டையும் சேர்த்தால்?

1867-இல் பிரான்சின் லியோன் நகர நாற்றங்கால்காரர் ஜான் பாப்டிஸ்ட் கியோ, தம் நாற்றுகளிடையே வெள்ளி கலந்த இளஞ்சிவப்பில் ஒரு செடியைக் கண்டெடுத்தார். ‘லா பிரான்ஸ்’ என்று பெயரிட்டார். முதல் ஹைப்ரிட் டீ என்று பொதுவாகக் கொள்ளப்படுவது இதுதான். நல்ல மணமுள்ள பூ. ஆனால் கியோவே அதன் பெற்றோரை உறுதியாக அறியார்.

பெற்றோரை அறிந்து கலப்புச் செய்யும் முறையைப் புகுத்தியவர் ஒரு மாட்டுப் பண்ணையாளர். இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஹென்றி பென்னெட், காளையையும் பசுவையும் தேர்ந்து இணைத்து வம்சாவளி எழுதி வைப்பது போல, ரோஜாக்களையும் கண்ணாடி வீட்டுக்குள் வைத்து மகரந்தம் மாற்றினார். 1879-இல் பத்து ‘வம்சாவளிக் கலப்பின’ ரோஜாக்களை வெளியிட்டார். பின்வந்த ஹைப்ரிட் டீக்கள் பலவற்றின் வம்சாவளியில் அவருடைய செடிகள் இடம்பெற்றன.

இந்தக் கலப்புகளில் ஒரு கணக்கு இடையூறு இருந்தது. ரோஜாவில் குரோமோசோம்கள் ஏழேழாக வரும். சீன, தேயிலை ரோஜாக்களுக்கு 14. டமாஸ்க் போன்ற பழைய ரோஜாக்களுக்கு 28. இரண்டும் கலந்தால் பாதியும் பாதியுமாக 7-ம் 14-ம் சேர்ந்து 21 ஆகும். 21-ஐ இரண்டாகச் சரியாகப் பங்கிட முடியாதாகையால் அத்தகைய செடி பெரும்பாலும் மலடாகிறது. லா பிரான்ஸ் அவ்வகைதான். எப்போதாவது ஒரு மகரந்தம் தன் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் முழுதாகக் கொண்டுவந்துவிட்டால் 28 கிடைக்கும், வம்சம் தொடரும். இன்றைய ஹைப்ரிட் டீக்கள் இந்த 28-ஆம் எண்ணில் நிலைபெற்றவை.

இப்போது என் தொட்டிக்குத் திரும்புவோம். மேலே ஒட்டப்பட்டிருந்தது ஹைப்ரிட் டீ. கீழே அதைச் சுமந்தது எட்வர்ட். போர்பன் ரோஜா ஹைப்ரிட் டீயின் முன்னோர்களில் ஒன்று. அதாவது, பேத்தியைப் பாட்டி தோளில் சுமந்துகொண்டிருந்தாள். வெயிலில் பேத்தி மயங்கிவிட்டாள், பாட்டி நின்றாள்.

மணம் என்பது என்ன?

மணம் என்பது பூவிலிருந்து பறந்து வந்து மூக்கைத் தொடும் மூலக்கூறுகள். ரோஜாவில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உண்டு. ஜெரானியால், சிட்ரோனெல்லால், நீரால், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் கடைசியானது நீரில் ஓரளவு கரையும். ஆதலால் ரோஜாவை வடிக்கும்போது அது எண்ணெயில் தங்காமல் பன்னீரில் தங்கிவிடுகிறது. கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீரின் மணத்தில் பெரும்பங்கு அதற்குரியது.

அளவு வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு டமாசினோன் நல்ல எடுத்துக்காட்டு. 1970-இல் பல்கேரிய ரோஜா எண்ணெயில் கண்டுபிடிக்கப்பட்ட இது, அந்த எண்ணெயில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் நீரில் இலட்சம் கோடியில் இரண்டு பங்கு இருந்தாலே மூக்கு உணர்ந்துவிடும். சீன ரோஜாக்களின் தேயிலை மணத்துக்கோ டைமெத்தாக்சி டாலுயீன் என்ற வேறொரு சேர்மம் காரணம். பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் இது கிடையாது.

ஜெரானியாலின் கொதிநிலை ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ்; நீரைவிட மிக அதிகம். எனவே அது மெதுவாகத்தான் ஆவியாகிறது. அசையாத காற்றில் அத்தகைய மூலக்கூறு பிற மூலக்கூறுகளின் மேல் மோதி மோதி, வெறும் விரவலால் ஒரு மீட்டர் தூரம் செல்ல எவ்வளவு நேரமாகும் தெரியுமா? கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு நாள் வருகிறது! பூவை எட்ட வைத்தும் மணம் நொடியில் நம்மை அடைகிறதென்றால், அது காற்றோட்டத்தின் வேலை. விடியற்காலையில் காற்று மெல்ல அசையும். இரவெல்லாம் இதழில் சேர்ந்த மணப்பொருள் இன்னும் தீர்ந்திராது. வெயில் ஏறினால் ஆவியாதல் விரைந்து சரக்கு தீர்ந்துவிடும். அத்தர் வடிப்போர் சூரியன் ஏறுமுன் பூப்பறிப்பது இதனால்தான்.

மணம் போன கதை

20-ஆம் நூற்றாண்டில் ஹைப்ரிட் டீ உலகை வென்றது. 1900-இல் லியோனின் பெர்னே டூஷே, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து ‘சோலே தோர்’ என்ற வகையை வெளியிட்டார். அதன் வழியாகப் பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் ஹைப்ரிட் டீக்கு வந்தன. ஆனால் அந்தப் பாரசீக வழி, இலையில் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இலக்காகும் குணத்தையும் கொண்டுவந்தது. 1945-இல் ‘பீஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவில் வெளியான பிரான்சிஸ் மெய்யானின் ரோஜா, பூவின் அளவுக்கும் செடியின் வலுவுக்கும் புதிய அளவுகோல் ஆயிற்று. மணத்தில் அது அவ்வளவு சிறந்ததன்று.

பிறகு பூ வணிகம் விமானத்தில் ஏறியது. வெட்டிய பூ பெட்டியில் பல நாள் தாங்க வேண்டும், காம்பு நீளமாக, முள் குறைவாக இருக்க வேண்டும், நிறம் மாறக்கூடாது. இவற்றுக்காகத் தேர்ந்தபோது மணத்தை எவரும் வேண்டுமென்று விரட்டவில்லை. கேட்பாரின்றி அது தானே உதிர்ந்தது. தேர்வில் கேட்கப்படாத பாடத்தை மாணவர் படிக்காமல் விடுவது போலத்தான்.

அது எப்படி உதிர்ந்தது என்பதை 2015-இல் பிரான்சின் சேன் எட்டியென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரே மெய்யான் குடும்பத்தின் இரு சிவப்பு ரோஜாக்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்று மணமுள்ள பாப்பா மெய்யான். மற்றது மணமற்ற ‘ரூஜ் மெய்யான்’. முன்னதன் இதழ்களில் நுடிக்ஸ்-1 என்ற நொதிக்குரிய மரபணு மிகத் தீவிரமாக வேலை செய்தது. பின்னதில் அது ஏறத்தாழ உறங்கிக் கிடந்தது. இந்த நொதிக் குடும்பம் பொதுவாக உயிரணுவில் கெட்டுப்போன மூலக்கூறுகளைத் துப்புரவு செய்வதாக அறியப்பட்டது. ரோஜாவோ அந்தத் துப்புரவுத் தொழிலாளியை அத்தர் வடிப்பவராக மாற்றிக்கொண்டிருக்கிறது! நொதி, ஜெரானியாலின் முன்பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை நீக்குகிறது; அடுத்த படியில் ஜெரானியால் வெளிவருகிறது.

ஆகவே மணம் அடியோடு அழிந்துவிடவில்லை. ‘கிரிம்சன் குளோரி’ 1935-லும், பாப்பா மெய்யானும் ‘ஃபிராகரன்ட் கிளவுடு’ம் 1963-லும், ‘டபுள் டிலைட்’ 1977-லும் வந்தவை. நான்கும் மணத்துக்குப் பெயர் பெற்றவை. இவை பூக்கடைக்கு வருவதில்லை. வீட்டுத் தோட்டத்தில்தான் பிழைத்திருக்கின்றன.

இந்திய மண்ணில்

இந்தியாவில் ரோஜாக் கலப்பினத்தை அறிவியல் முறையில் செய்தவர்களில் முன்னோடி பெஞ்சமின் பியரி பால் (1906–1989). துரு நோயைத் தாங்கும் கோதுமை வகைகளை உருவாக்கியவர். 1965-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனவர். கோதுமை வயலில் கற்ற முறையை ரோஜாப் பாத்தியில் கையாண்டார். மணமுள்ள ‘ரோஸ் ஷர்பத்’, வெண்ணிற ‘டாக்டர் ஹோமி பாபா’ முதலிய பல வகைகளைத் தந்தார். ஆனால் அவர் ஆய்வு செய்த தில்லியில் குளிர்காலம் உண்டு. மதுரையில் அது கிடையாது.

வெப்ப நாட்டுக்கென்றே ரோஜா வேண்டும் என்ற கேள்வியைக் கையில் எடுத்தவர் நமக்கு அருகிலேயே, கோடைக்கானலில் இருந்தார். இந்திய ஆட்சிப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகி அங்குக் குடியேறிய வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜாவும், நம் நாட்டுக் காட்டு ரோஜாக்கள் இரண்டைக் கலப்புக்கு எடுத்தார்கள். ஒன்று மேலே கண்ட மணிப்பூரின் ஜைஜான்டியா. மற்றது ‘ரோசா கிளைனோஃபில்லா’. வங்காளத்தின் ஈரநிலங்களில், வெள்ளம் தேங்கினாலும் அழுகாமல் நிற்கும் வெண்ணிற ரோஜா. ஐரோப்பிய ரோஜாவின் வம்சத்தில் சேர்க்கப்படாமல் விடுபட்ட வெப்பநாட்டு இரத்தம் இது என்று அவர்கள் கருதினார்கள். தாங்கள் உருவாக்கிய மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு ‘ஈ.கே. ஜானகி அம்மாள்’ என்று பெயரிட்டார்கள். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்து, 1945-இல் டார்லிங்டனுடன் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்ட அதே ஜானகி அம்மாள்தான்.

மதுரை வெயிலும் ரோஜாவும்

கோடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2100 மீட்டர். மதுரை 100 மீட்டர் அளவு. ஆயிரம் மீட்டருக்கு 6.5 பாகை குறையும் என்ற கணக்கில் 13 பாகை வேறுபாடு வர வேண்டும். மேகமும் மரங்களும் சேர்ந்து உண்மையில் வேறுபாடு இன்னும் அதிகம். ஏப்ரலில் அங்குப் பகல் வெப்பம் 20 பாகையை ஒட்டி இருக்க, இங்கு 38-ஐத் தொடுகிறது.

செடியைக் கொல்வது வெப்பம் மட்டுமன்று, காற்றின் தாகமும்கூட. 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் இன்னும் 5 கிராமுக்கே இடமிருக்கும். 38 பாகையில் அதே காற்று 46 கிராம் கொள்ளும். ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் 28 கிராமுக்கு இடம் காலி. அதாவது மதுரைக் காற்று கோடைக்கானல் காற்றைவிட ஐந்து மடங்குக்கு மேல் தாகத்தோடு இலையிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. வேர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். என் முதல் செடி பட்டுப்போனதற்குக் காரணம் விற்றவர் அல்லர். தளம் போட்ட மாடியில், கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், மேற்கு வெயிலில் வேரை வேகவைத்தவன் நான்தான்.

பிழையிலிருந்து கற்றவை சில:

மண் தொட்டியே நல்லது. நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வீட்டுப் பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த விதியால்தான். தொட்டியைப் பெரிய தொட்டிக்குள் வைத்து இடையில் ஈர மணலை நிரப்பினால் இன்னும் சிறப்பு. அடியில் செங்கல் வைத்துத் தளத்திலிருந்து உயர்த்துங்கள்.

காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். பிற்பகல் வெயிலுக்குத் தட்டி கட்டுங்கள். மண்ணின் மேல் தேங்காய் நார் பரப்புங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம பங்கு. கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மழைநீரைப் பிடித்து வைத்து அவ்வப்போது ஊற்றினால் உப்பு வடியும்.

கவாத்துக்கு ஏற்ற காலம் ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைத் தொடக்கம். நோயுற்ற, மெலிந்த கிளைகளை நீக்கி, நல்ல கிளைகளை வெளிநோக்கிய கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். இல்லையேல் நுனிக்கருகல் இறங்கும். ஏறத்தாழ 50 நாட்களில், பொங்கலை ஒட்டிப் பூ வரும். மதுரைக்கு ரோஜாப் பருவம் மார்கழியும் தையும்தான். கோடையில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டுச் செடியைப் பிழைக்க விடுவதே நல்லது.

ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அடிச்செடி மேற்செடியை மிஞ்சிவிடும். ஆனால் மேற்செடி செத்துப் போயிருந்தால்?

வெட்டவில்லை

நண்பர் சொன்னபடி நான் எட்வர்டை வெட்டிப் போடவில்லை. அதிலிருந்து பென்சில் கனத்தில் மூன்று குச்சிகள் எடுத்து மண் தொட்டிகளில் ஊன்றினேன். மூன்றும் வேர்பிடித்தன. மறு ஆண்டு மார்கழியில் இரண்டில் பட்டையை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் கீறி, நண்பர் தோட்டத்து பாப்பா மெய்யானின் கண்ணைச் செருகிக் கட்டினேன். ஒன்று காய்ந்துவிட்டது, ஒன்று பற்றிக்கொண்டது. மூன்றாவது குச்சியை எட்வர்டாகவே விட்டுவிட்டேன்.

அந்த ஒட்டு இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டது. சென்ற பொங்கலன்று விடியற்காலையில் இரண்டு பூக்களைப் பறித்துத் தாயாரிடம் கொடுத்தேன். ஒரு கையில் பாப்பா மெய்யான், மறு கையில் எட்வர்ட். இரண்டையும் மாறி மாறி முகர்ந்தார். கருஞ்சிவப்புப் பூவை வீட்டுக்கு வந்திருந்த பேத்தியிடம் நீட்டினார். “இதை நீ வச்சுக்கோத்தா. எனக்கு எங்க ஊர்ப் பூ போதும்” என்றார்.

மதுரை மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் நமக்குப் பெருமையே. ஆனால் சீனத்தில் பாதியும் மேற்கில் பாதியுமாகப் பிறந்து, நம் வெயிலைத் தாங்கி, ஓசூர் ரோஜாவுக்கு முன்பே நம் பெரியவர்களின் மூக்கில் இடம்பிடித்த எட்வர்டை ‘வெறும் அடிச்செடி’ என்று தள்ளிவிடலாகாது. உங்கள் வீட்டு ஒட்டு ரோஜா பட்டுப்போய் அடியில் இளஞ்சிவப்புப் பூ மலர்ந்தால், கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு முறை குனிந்து முகர்ந்து பாருங்கள்.